நல்ல நேரத்தில் மாட்டிய கேபிள்

சென்ற மாதம், நான் வேலை பார்த்த கடையின் பிள்ளைகள் என் போனுக்கு ஒரு படம் அனுப்பியிருந்தார்கள். கம்ப்யூட்டரில் படத்தைத் திரைக்கு அனுப்புகிற கிராபிக்ஸ் கார்டு இருக்கிறதே, புதிதாக வருகிற கார்டுகளில் கரண்ட் கொடுக்கும் முனை சின்னதாகிவிட்டது. முன்பு இரண்டு மூன்று கேபிள்கள் சுமந்ததை இப்போது ஒரே கேபிள் சுமக்கிறது. படத்தில் அந்த முனை உருகிப்போய் கார்டோடு ஒட்டிக் கிடந்தது. “அக்கா, கஸ்டமர் நம்ம மேல பழி போடுறாரு. கம்பெனிக்காரன் கஸ்டமர் மேல போடுறான். நீங்க இம்புட்டு வருசம் இந்த வேலைய பாத்திருக்கீங்க. எப்படி மாட்டணும்னு ஒரு பக்கம் எழுதிக் குடுங்க, செவுத்துல ஒட்டி வைக்கிறோம்” என்று கீழே எழுதியிருந்தது.

உட்கார்ந்து எழுதினேன். எப்படி மாட்டுவது என்பது சீக்கிரமே முடிந்துவிட்டது. பழி யார் மேல் விழும் என்பதைத் தொட்டதும் பேனா நிற்கவில்லை. ஆகவே இது சுவரில் ஒட்டுகிற காகிதம் இல்லை, பிள்ளைகளா. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துக்கொள்ளுங்கள்.

மதுரையில் கம்ப்யூட்டர் விற்று, ரிப்பேரும் பார்க்கிற ஒரு கடையில்தான் என் காலம் முழுவதும் போனது. அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். பெண் பிள்ளை ஆசிரியப் பயிற்சிக்குப் போகட்டும் என்றார். நான் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் எடுத்தேன். படித்து முடித்து வந்தவளைக் கடையில் பில் போடத்தான் உட்கார வைத்தார்கள். பில் போட்டுக்கொண்டே பின்பக்கம் போய்ப் போய் வேலை கற்றேன். கீபோர்டு துடைத்தேன், யு.பி.எஸ். பேட்டரி மாற்றினேன், பிறகு முழுக் கம்ப்யூட்டரையும் கட்ட ஆரம்பித்தேன். “லேடீஸ் கழட்டுனா திரும்ப மாட்டத் தெரியுமா?” என்று கேட்ட கஸ்டமர்கள் உண்டு. அவர்களே பிறகு “எஸ்தர் மேடம் இருக்காங்களா?” என்று கேட்டுக்கொண்டு வந்ததும் உண்டு. இதற்கு நடுவில் போன வருடங்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எல்லாருக்கும் போவது மாதிரிதான் போயின.

முதலாளி தவமணி அண்ணன். அவரை நான் திட்டப் போகிறேன் என்பதால் முதலில் அவர் வேலையைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் மதுரையில் அவரைப் போல் கை சுத்தமான மெக்கானிக்கை நான் பார்த்ததில்லை.

கம்ப்யூட்டர் கேபினெட்டைத் திறக்குமுன் கையைக் கழுவித் துடைப்பார். கடை ஷட்டரின் இரும்புச் சட்டத்தை ஒரு தடவை தொடுவார். உடம்பில் சேர்ந்திருக்கிற கரண்ட் அதில் இறங்கிவிட வேண்டும் என்பதற்காக. கை கேபினெட்டுக்குள் இருக்கும்வரை பேச மாட்டார். போன் அடித்தாலும் எடுக்க மாட்டார். யாராவது பேச்சுக் கொடுத்தால் தலையை மட்டும் ஆட்டுவார். நாங்களும் அந்த நேரத்தில் வாயைத் திறக்கக் கூடாது. வேலை முடிந்து கையை வெளியே எடுத்த பிறகுதான் “என்ன சொன்னீங்க?” என்பார்.

கிராபிக்ஸ் கார்டு என்றால் அவருக்குத் தனி மரியாதை. கார்டை மதர்போர்டில் செருகிவிட்டு ஸ்குரூ போடுவார். அதன் பிறகு எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து, அதாவது கம்ப்யூட்டருக்குள் கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற அந்த இரும்புப் பெட்டியிலிருந்து, கார்டுக்குக் கேபிள் இழுப்பார். ப்ராசஸருக்குப் போகிற முனையும் கார்டுக்குப் போகிற முனையும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். இரண்டிலும் எட்டு பின். கார்டுக்கு உரியது ஆறும் இரண்டுமாகப் பிரியும், மற்றது நாலும் நாலுமாகப் பிரியும். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே எது எது என்று சொல்லுவார். கார்டில் இரண்டு வாய் இருந்தால் இரண்டு தனிக் கேபிள் போட வேண்டும். ஒரே கேபிளில் இரட்டை முனை இருக்கிறதே என்று அதையே இரண்டிலும் மாட்டினால் கையைத் தட்டிவிடுவார். “ஒருத்தன் தலையில ரெண்டு மூட்டைய வைக்கிறியா?” என்பார். முனையை அழுத்தும்போது சொடக்குச் சத்தம் கேட்க வேண்டும். கேட்ட பிறகு லேசாகப் பின்னால் இழுத்துப் பார்க்க வேண்டும். முனைக்குப் பக்கத்திலேயே வயரை மடக்கக் கூடாது. கடைசியில் டார்ச் அடித்து, முனைக்கும் கார்டுக்கும் இடையில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். பிள்ளைகளா, நீங்கள் கேட்ட ஒரு பக்கம் இவ்வளவுதான். புதுசாக வந்திருக்கிற அந்தச் சின்ன முனைக்கும் இதேதான்.

இன்னொரு பழக்கம் வைத்திருந்தார். கேபிள்களைத் தேவைக்கு மட்டும் மாட்டிக்கொள்கிற எஸ்.எம்.பி.எஸ். வர ஆரம்பித்த சமயம். அதில் ஒரு ஆபத்து இருக்கிறது. கேபிளின் கார்டுப் பக்கத்து முனை எல்லாக் கம்பெனிக்கும் ஒன்றுதான். பெட்டிப் பக்கத்து முனைக்கு அப்படி ஒரு சட்டமும் இல்லை. உருவம் ஒன்றாக இருக்கும், உள்ளே வயர் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒரு கம்பெனிக் கேபிளை இன்னொரு கம்பெனிப் பெட்டியில் செருகினால் அழகாக உட்காரும், சொடக்குச் சத்தமும் கேட்கும். ஆன் செய்ததும் போகக் கூடாத இடத்துக்குக் கரண்ட் போகும். இதற்காக அண்ணன் புதுமண்டபத்துத் தையல் சாமான் கடையில் கலர் கலராக நூல்கண்டு வாங்கி வைத்திருந்தார். பெட்டியில் ஒரு நூல், அதற்கு உரிய கேபிள் பையில் அதே கலர் நூல். சிவப்புக்குச் சிவப்பு, மஞ்சளுக்கு மஞ்சள். கலர் சேராவிட்டால் கை வைக்கக் கூடாது என்பது கடைச் சட்டம். அவர் போட்ட சட்டம்தான்.

வெளியே போய் மாட்டுகிற வேலை எனக்குக் கிடைத்தது ஒரு ப்ளெக்ஸ் கடையால். சிம்மக்கல் பக்கம். பெரிய பேனரைத் திறந்தால் கம்ப்யூட்டர் அணைந்துவிடுகிறது என்று புகார். வேறு இரண்டு கடைக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு கார்டையே மாற்றச் சொல்லியிருந்தார்கள். நான் போய்த் திறந்தால், ஒரே கேபிளில் இரண்டு முனையும் தொங்குகின்றன. தனித்தனியாக இரண்டு கேபிள் போட்டேன், சரியாகிவிட்டது. திரும்பி வந்து அண்ணனிடம் சொன்னேன். அடுத்த புது மெஷின் கொண்டுபோகும்போது “எஸ்தரு, நீயும் வா” என்றார். எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. மெஷினைக் கட்டியவர்தான் கஸ்டமர் வீட்டில் முதல் பட்டனை அமுக்க வேண்டும். அன்று என்னை அமுக்கச் சொன்னார். ஃபேன் சுற்றி, திரையில் வெளிச்சம் வரும்வரை ஒரு மூச்சு நேரம் எல்லாரும் சும்மா நிற்பார்கள். அந்த மூச்சு நேரத்துக்காகவே நான் அந்தக் கடையில் இருந்தேன். சம்பளம் எல்லாக் கடையிலும்தான் கொடுத்தார்கள். இந்தப் பட்டனை ஒரு பெண்ணின் கையில் கொடுத்த கடை வேறு இல்லை. பல வருடம் அது என் வேலையாக இருந்தது.

பிறகு டி. கல்லுப்பட்டி.

செல்வம் என்று ஒரு கல்யாண வீடியோக்காரர். வீட்டு மாடியில் எடிட்டிங் செய்துகொண்டிருந்தவர், மெயின் ரோட்டில் ஸ்டுடியோ பிடித்து, புது மெஷினுக்குச் சொல்லியிருந்தார். தகப்பன் இல்லாத குடும்பம். அம்மா தோட்ட வேலை பார்த்து வளர்த்த பையன். பழைய மெஷினில் இருந்த இரண்டு ஹார்டு டிஸ்க்கையும் புதுசில் மாட்டித் தர வேண்டும். அந்த சீசனில் எடுத்த கல்யாணங்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. கேமராவின் மெமரி கார்டுகளை அடுத்த கல்யாணத்துக்கு அழித்துவிட்டார். அப்படித்தான் எல்லாரும் செய்வார்கள். கிராபிக்ஸ் கார்டு பெட்டியைத் தன் கண் முன்னால்தான் சீல் உடைக்க வேண்டும் என்றார். இதுவும் எல்லாரும் சொல்வதுதான். பழைய கார்டைத் தலையில் கட்டிவிடுவார்களோ என்ற பயம். அதனால் கடையில் நாங்கள் போர்டை மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு, கார்டுக்கும் டிஸ்க்குக்கும் கேபிள் மாட்டாமல் வைத்திருந்தோம். அதை அங்கே போய் மாட்ட வேண்டும்.

திறப்பு விழா வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம் தொடங்கும். அதற்கு முன் மெஷின் ஓட வேண்டும் என்று செல்வத்தின் அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். முதலில் ஓட வேண்டியது எது என்பதையும் அவர்தான் முடிவு செய்திருந்தார். செல்வம் சித்திரைத் திருவிழாவில் எடுத்த படம், அழகர் ஆற்றில் இறங்குவது. நான் இதையெல்லாம் கேலி பேசுகிறவள் இல்லை. எங்கள் வீட்டிலும் ஜெபம் பண்ணாமல் புதுப் பானையை அடுப்பில் ஏற்ற மாட்டார்கள்.

காலையில் அண்ணனே கடையைத் திறந்து சாமான்களைக் காரில் ஏற்றிவிட்டு, பசுமலையில் என்னை ஏற்றிக்கொண்டார். கடையில் அந்த வாரம் இரண்டு மெஷின் கட்டிக்கொண்டிருந்தோம். ஒன்று செல்வத்துக்கு, இன்னொன்று ஒரு காலேஜுக்கு. எஸ்.எம்.பி.எஸ். வேறு வேறு கம்பெனி. கேபிள் பை இரண்டும் கறுப்பு.

ஸ்டுடியோவில் சொந்தக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். கேபினெட்டுக்குச் சந்தனம், குங்குமம் வைத்தாகிவிட்டது. அண்ணன் கை கழுவி, வாசல் கம்பியைத் தொட்டுவிட்டு உட்கார்ந்தார். செல்வம் சீல் உடைத்துக் கார்டைக் கொடுத்தார். அண்ணன் அதைச் செருகி ஸ்குரூ போட்டார். கேபிள் பைக்குக் கை நீட்டினார். நான் எடுத்துக் கொடுக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். பையில் பச்சை நூல். பெட்டியில் சிவப்பு நூல்.

“அண்ணே, நூல் பச்சை” என்றேன், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

அண்ணன் பையைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். கேபினெட்டுக்குள் ஒரு கை இருந்ததால் பேசவில்லை. பையைத் திறந்து ஒரு கேபிளை எடுத்தார், பெட்டியில் செருகினார். சொடக்கென்றது. நிமிர்ந்து பார்த்து, “உக்காருது” என்றார். கைகள் உள்ளே இருக்கும்போது அவர் பேசியதை அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டேன்.

“உக்காரும்ணே. உள்ள வயரு மாறியிருக்குமே.”

“ரெண்டு கம்பெனியும் ஒரே பேக்டரில செய்யிறான். ஒண்ணும் ஆகாது.”

“கடைக்குப் போன் போட்டு நம்ம பையக் கொண்டுவரச் சொல்லுவோம்ணே.”

“வந்து சேர எம்புட்டு நேரம் ஆகும்? ராகு காலம் வந்துரும்.”

நான் வேறு வழி சொன்னேன். கார்டுக்கும் டிஸ்க்குக்கும் கேபிள் கொடுக்காமல் போர்டை மட்டும் ஓட்டலாம். ஃபேன் சுற்றும், போர்டிலிருந்தே திரையில் வெளிச்சம் வரும். நல்ல நேரத்தில் ஓட்டியாகிவிட்டது என்று சாமி கும்பிட்டுக்கொள்ளட்டும். சரியான பை வந்ததும் மற்றதை மாட்டிக்கொள்ளலாம். அண்ணன் ஒரு கணம் யோசித்தார். இன்றைக்கும் அந்த ஒரு கணத்தை நினைத்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது, ஏனென்றால் சரி என்று சொல்லக் கிட்டத்தட்ட வாய் திறந்தார். அதற்குள் செல்வம் குனிந்து, “அண்ணே, அழகர் படம் ஓடும்ல? அம்மா அதப் பாக்கத்தான் நிக்கிறாங்க” என்றார்.

“ஓடும், ஓடும்” என்றார் அண்ணன்.

கார்டுக்கு இரண்டு கேபிள், டிஸ்க்குக்கு ஒரு கேபிள். எல்லாம் பச்சை நூல் பையிலிருந்து. அழுத்தினார், சத்தம் கேட்டார், பின்னால் இழுத்துப் பார்த்தார், டார்ச் அடித்துப் பார்த்தார். தவறான கேபிளை அவ்வளவு சுத்தமாக மாட்டினார். பிறகு எழுந்து, வழக்கம்போல் என்னிடம், “போடு, எஸ்தரு” என்றார்.

நான் பட்டனில் கை வைக்கவில்லை. “வேணாம்ணே” என்றேன். இந்தத் தடவை எல்லாருக்கும் கேட்டுவிட்டது.

செல்வத்தின் அம்மா ஆரத்தித் தட்டோடு என் பக்கம் திரும்பினார். “என்னத்தா, நல்ல நேரத்துல வேணாம்ங்கிற?”

நான் பதில் சொல்வதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார். “அவுகளுக்கு இதெல்லாம் பழக்கம் இல்லம்மா. அவுக சர்ச்சுக்குப் போறவுக. நீங்க உங்க கையாலயே போடுங்க.”

இத்தனை வருடத்தில் அவர் வாயில் என் சாதியோ மதமோ வந்ததில்லை. கேபிளைப் பற்றிச் சொன்ன ஒரு வார்த்தையை ஒரே நொடியில் கோயில் விஷயமாகத் திருப்பிவிட்டார். “அம்மா, கேபிள் மாறியிருக்கு, போடாதீங்க” என்று நான் சத்தமாகவே சொன்னேன். யாரோ ஒருவர் “நல்ல நேரத்துல மறுபடி மறுபடி அதையே சொல்லுதே” என்று முணுமுணுத்தார். அந்த அம்மா கண்ணை மூடி, அழகரைக் கும்பிட்டு, பட்டனை அமுக்கினார்.

பெரிய வெடி ஒன்றும் இல்லை. உள்ளே ‘டப்’ என்று ஒரு சத்தம், டிஸ்க் இருக்கிற மூலையிலிருந்து மெல்லிய புகை, பிளாஸ்டிக் கருகுகிற நாற்றம். பெட்டி தானாக அணைந்துவிட்டது. அந்த அம்மா சுட்டுவிட்டது போல விரலை மறு கையால் பிடித்துக்கொண்டு நின்றார். விரலில் ஒன்றும் ஆகவில்லை. பிறகு என்னைப் பார்த்து, “வேணாம் வேணாம்ன, இப்ப வேணாம்னே ஆயிப்போச்சு” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அழுதுகொண்டே சொன்னார்.

அண்ணன் என்ன செய்தார் தெரியுமா? பிளக்கைப் பிடுங்கிவிட்டு முதல் வேலையாகக் கேபிள்களைக் கழற்றிப் பையில் போட்டு, பையைக் காரில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகுதான் “லைன்ல ஏத்தமா வந்திருச்சு போல” என்று சுவர் பிளக்கைக் காட்டினார்.

டிஸ்க்குகளைச் சென்னைக்கு அனுப்பினோம். ஒன்றிலிருந்து பாதி மீட்டார்கள். மற்றது உள்ளேயே எரிந்துவிட்டது என்று கையை விரித்தார்கள். புதுக் கார்டும் போர்டும் டிஸ்க்கும் அண்ணன் கொடுத்துவிட்டார், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கல்யாணத்தை யார் கொடுப்பது? திருவாதவூரிலிருந்து ஒரு குடும்பம் கடைக்கே வந்தது. பெண்ணின் அப்பா கல்யாணம் முடிந்த சில நாட்களில் மாரடைப்பில் போய்விட்டாராம். தாரை வார்த்துக் கொடுத்த படம் மட்டுமாவது கிடைக்குமா என்று அந்தப் பெண் கேட்டாள். அண்ணன் உள்ளே போய்விட்டார். இல்லை என்று நான்தான் சொன்னேன். அவளை அழைத்து வந்த பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “நீங்கதானா அது?” என்று கேட்டார்.

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, கதை திருவாதவூர்வரை போய்விட்டதென்று. நல்ல நேரத்தில் அபசகுனமாகப் பேசி மெஷினை எரித்தவள். மதுரையில் கம்ப்யூட்டர் கடைகள் எல்லாம் ஒரே தெருவில் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒரு டீ குடிக்கிற நேரத்தில் பேச்சு இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போய்விடும். அண்ணன் அந்தக் கதையைச் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. கரண்ட் ஏற்றம் என்று சொன்னால் யு.பி.எஸ். என்ன செய்தது என்று கேட்பார்கள். கேபிள் மாறியது என்றால் கடை போய்விடும். சகுனம் என்றால் யாரும் கேள்வி கேட்பதில்லை.

“அண்ணே, செல்வத்துக்கிட்டயாவது உள்ளதச் சொல்லிருவோம்” என்றேன்.

“சொல்லி? எரிஞ்சது திரும்பி வருமா? இந்தக் கடைய நம்பி எத்தன குடும்பம் இருக்கு, உன் குடும்பமும் சேத்துத்தான்.”

அவர் சொல்ல மாட்டார் என்று தெரிந்ததும் நானே பஸ் ஏறி டி. கல்லுப்பட்டிக்குப் போனேன். செல்வம் ஸ்டுடியோவில் தனியாக இருந்தார். நூல், பை, வயர் வரிசை, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கெட்டிக்காரர், பாதியிலேயே புரிந்துவிட்டது.

“அக்கா, நீங்க சொல்றது சரிதான். எனக்கே சந்தேகம் இருந்துச்சு” என்றார். “ஆனா பட்டன அமுக்குனது எங்கம்மா. அன்னையில இருந்து சரியாச் சாப்பிடல. நீங்க வேணாம்னு சொன்னது சரின்னு ஆயிட்டா, சொல்லியும் கேக்காம அமுக்கி அம்புட்டுக் கல்யாணத்தையும் எரிச்சது எங்கம்மான்னு ஆயிரும். நீங்க சொன்னதாலதான் எரிஞ்சதுன்னு நெனச்சா அவங்க தூங்குவாங்க.”

“அப்ப நான்?” என்றேன்.

“நீங்க படிச்சவங்க. கொஞ்சம் தாங்கிக்கிருங்கக்கா” என்றார்.

எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். தாய்க்காகச் சொல்கிறார் என்பது புரிந்தது. அதற்கு என்னை ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும்? அந்த அம்மாவின் தூக்கத்துக்கு என் பெயரைப் பாயாக விரித்துப் போட்டார்கள். பஸ்ஸில் திருமங்கலம் தாண்டும்வரை அழுதேன். பக்கத்தில் இருந்தவள் ஊரில் துக்கமா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

அடுத்த புது மெஷின் அழகர்கோவில் ரோட்டில் ஒரு ஆர்க்கிடெக்ட் அலுவலகத்துக்கு. நான்தான் கட்டினேன். புறப்படும்போது அண்ணன், “நீ இரும்மா, நான் பாத்துக்கிறேன்” என்றார். அந்த அலுவலகத்தில் கேட்டார்களாம், நான் வராமல் இருந்தால் நல்லது என்று. அதற்கடுத்த மெஷினுக்கு அவர் காரணம்கூடச் சொல்லவில்லை. நான் கட்டுவேன், வேறு யாராவது கொண்டுபோய்ப் பட்டன் அமுக்குவார்கள். எனக்குப் பின்பக்க அறை கொடுக்கப்பட்டது. செத்துப்போன மெஷின்கள் அங்கேதான் வரும். செத்ததைத் தொட நல்ல நேரம் தேவையில்லை அல்லவா.

வேறு கடைக்குப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். போனேன். அந்த முதலாளி என் வேலையைப் பற்றி நிறையக் கேட்டார், தலையாட்டினார். கடைசியில், “தப்பா நெனைக்காதீங்க, அந்தக் கல்லுப்பட்டி மேட்டர்ல இருந்தது நீங்கதான?” என்றார். நான் எழுந்து வந்துவிட்டேன். என் மகள் அப்போது காலேஜில் சேர்ந்திருந்தாள். பழைய கடையிலேயே இருந்தேன், ஓய்வு பெறும்வரை.

அந்த வருடங்கள் முழுக்க ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டுதான் வேலை பார்த்தேன். ஊர் என்ன வேண்டுமானாலும் பேசட்டும், அண்ணனுக்குத் தெரியும். வயர் வயராகத் தெரியும். கடைக்காக வாயை மூடிக்கொண்டிருக்கிறார், அது அவர் மனதை அரிக்கும், ஒரு நாள் என்னிடமாவது சொல்லுவார் என்று இருந்தேன். அவரைப் பார்க்கும்போதெல்லாம் மனதுக்குள் திட்டினேன். திட்டுவதற்கு அவர் இருக்கிறார் என்பது ஒரு தெம்பாக இருந்தது.

என் கடைசி நாளன்று கடையில் பொன்னாடை போட்டார்கள், கேசரியும் மிக்சரும் கொடுத்தார்கள். கடையை இப்போது அண்ணனின் மகன் பார்க்கிறான். அண்ணன் சும்மா வந்து கல்லாப் பக்கம் உட்கார்ந்திருப்பார். வயதாகிவிட்டது, கை நடுங்குகிறது. எல்லாரும் போட்டோ எடுத்துவிட்டு வேலைக்குத் திரும்பினார்கள். நான் அவர் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

“அண்ணே, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அன்னைக்குக் கல்லுப்பட்டியில அந்தப் பை வேற கம்பெனின்னு உங்களுக்குத் தெரியும்ல?”

“தெரியாம என்ன. நூலப் பாத்தேனே” என்றார். ஒளிக்கவே இல்லை. எனக்கு நெஞ்சு லேசாயிற்று. இவ்வளவு காலம் கழித்தாவது வந்ததே என்று நினைத்தேன்.

“அப்பறம் ஏண்ணே எம்பேரு கெட்டப்ப சும்மா இருந்தீங்க?”

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். “நூலு மாறுனதெல்லாம் ஒரு விசயமா, எஸ்தரு? அவசரத்துக்கு அது மாதிரி மாத்தி மாட்டி எத்தனையோ தடவ ஓடியிருக்கு. அன்னைக்கும் ஓடியிருக்கும். நீ அந்த நேரத்துல அந்த வார்த்தைய விட்டிருக்கக் கூடாது.”

நான் அவர் முகத்தையே பார்த்தேன். கேலி இல்லை, சமாளிப்பும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு விரலால் பின்னை எண்ணிய மனிதர் அதை முழுசாக நம்பிச் சொல்லிக்கொண்டிருந்தார். கடையைக் காப்பாற்ற வைத்துக்கொண்ட பொய் எந்த வருடத்தில் அவருக்குள் உண்மையாகிப் போனது என்று எனக்குத் தெரியவில்லை. உண்மை தெரிந்தவர் என்று நான் நம்பி இருந்த அந்த ஒரு ஆளும் அந்த நாற்காலியில் இல்லை.

அவர் நடுங்குகிற கையை என் கைமேல் வைத்தார். “அதுக்காக உம்மேல எனக்குக் கோவம்லாம் கெடையாது. அன்னைக்கே மன்னிச்சிட்டேன். இல்லேன்னா இம்புட்டு வருசம் உன்னய கடையில வச்சிருப்பனா?”

வாசலில் அவர் மகன் கார் எடுத்துக்கொண்டு காத்திருந்தான், என்னை வீட்டில் விடுவதற்கு. “சரிண்ணே, வாரேன்” என்று எழுந்தேன். செய்யாத தப்புக்கு மன்னிப்பும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.